தரையில் சுழல்பவர்களின் உடுப்பு

அன்பு மருமகளுக்கு,

கல்லூரி விழாவில் பிரேக்கிங் ஆடப்போவதாகவும், எந்த ஷூ வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். நீ அனுப்பிய படங்களில் இருந்த விலைகளைப் பார்த்ததும், இந்த உடுப்பின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் சிண்டி கேம்பல் என்ற இளம்பெண் ஒரு பார்ட்டி நடத்தினாள். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி எடுக்கப் பணம் சேர்க்க வேண்டும், அதற்காகத்தான். இசைத்தட்டு போட்டவர் அவள் அண்ணன் கூல் ஹெர்க். பாடும் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்துக்கு ஆடுபவர்கள் காத்திருப்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி 'பிரேக்' எனப்படும் அந்தச் சில நொடிகளை நீட்டினார். அதில் இறங்கி ஆடியவர்கள்தான் பி-பாய்களும் பி-கேர்ள்களும். ஹிப்ஹாப் பிறந்ததாக உலகம் கொண்டாடும் இரவே துணிச் செலவுக்காக வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அந்தப் பிள்ளைகளிடம் காசு கிடையாது. கிழித்து விரித்த அட்டைப்பெட்டியோ லினோலியம் துண்டோதான் மேடை. முதுகால் சுழலும்போது பருத்தித் துணி தரையைப் பிடித்துக்கொள்ளும், தோல் எரியும். நைலான் வழுக்கிக்கொண்டு போகும். டிராக்சூட் நிலைத்ததற்கு இது பெரிய காரணம். தலையால் சுழன்றால் உச்சிமுடி உதிரும், அதற்குத் தொப்பி. கூடைப்பந்துக்காக வந்த அடிடாஸ் சூப்பர்ஸ்டாரின் தட்டையான ரப்பர் அடி, நின்று ஆடும்போது வழுக்காமல் காத்தது.

இதற்கு மேல்தான் அழகு. ஷூ கயிற்றை இழுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பட்டையாக்கினார்கள். பழைய ஷூவைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து வெளுப்பாக்கினார்கள். குழுவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சட்டையில் சூடேற்றி ஒட்டினார்கள். கடையில் எல்லோருக்கும் கிடைக்கும் ஒரு பொருளைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்ட அந்தக் கைவேலையைத்தான் நான் ஸ்டைல் என்பேன்.

பிறகு பரவல் வேகமாக நடந்தது. 1981இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ராக் ஸ்டெடி, டைனமிக் ராக்கர்ஸ் என்ற இரண்டு பிரேக்கிங் குழுக்கள் மோதின. 1983இல் வந்த 'ஃப்ளாஷ்டான்ஸ்' படத்தின் கடைசி ஆட்டத்தில் கதாநாயகிக்குப் பதிலாக முதுகால் சுழன்றவர், விக் வைத்துக்கொண்ட கிரேஸி லெக்ஸ் என்ற பி-பாய். அந்தப் படம் போன இடமெல்லாம் பிரேக்கிங்கும் போனது. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் மோகம் தணிந்தது. ஆனால் ஐரோப்பாவும் ஜப்பானும் கொரியாவும் ஆட்டத்தை விடவில்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் பிரேக்கிங் போட்டியில் பெண்கள் தங்கம் ஜப்பானின் ஆமிக்கு, ஆண்கள் தங்கம் கனடாவின் ஃபில் விசார்டுக்கு. அங்கே நடுவர்கள் பார்த்தது நுட்பம், அசைவுகளின் வகை, செய்நேர்த்தி, தனித்தன்மை, இசையோடு இசைவு ஆகிய 5 அம்சங்களை. உடைக்கென்று தனி மதிப்பெண் இல்லை.

ஆகவே விலையை விட்டுவிடு. ஷூ லேசாக இருக்கட்டும், அடிப்பகுதி தட்டையாக இருக்கட்டும். முழங்கால் பட்டை உள்ளே அடங்கும் அளவுக்குத் தொளதொளப்பான பேன்ட் எடு. கடையின் டிரையல் ரூமிலேயே அதைப் போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார். ஒரு காலைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டு. தொடையில் எங்காவது இழுத்துப் பிடித்தால் கழற்றி வைத்துவிட்டு அடுத்ததைக் கேள்.

அன்புடன்,
உன் மாமா