பழைய கணினியும் புதிய மென்பொருளும்

தஞ்சோங் பகாரில் நம் முன்னோர் கடை நடத்திய காலத்தில் வியாபாரத்தின் உயிர்நாடி பேரேடு. இன்று அப்பேரேடு கணினிக்குள் குடியேறிவிட்டது. பேரேட்டை மழையில் நனையவிடாத நாம், கணினியிலுள்ள கணக்கை அவ்வளவு பத்திரமாகக் காக்கிறோமா?

புதிய கணக்கு மென்பொருள் ஏற்றும் தேவை பல கடைகளுக்கு வந்திருக்கிறது. பொருள் சேவை வரிக்குத் தாமாக முன்வந்து புதிதாகப் பதிவோர், 2026 ஏப்ரல் 1 முதல் விலைச்சீட்டு விவரங்களை இன்வாய்ஸ்நவ் வழியாக வருவாய் ஆணையத்துக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. பழைய கணினியிலோ, ஏற்றும் வேலை பாதியில் நின்றதுபோல் கிடக்கிறது. பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்திவிடுகிறோம். நாமும் ஒருமுறை அப்படிச் செய்து, கணக்குக் கெட்டு, இரண்டு மாதச் சீட்டுகளை மறுபடி உட்கார்ந்து பதிந்தோம். அன்று கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் செய்யவேண்டியது யாதெனில், கணக்கு முழுவதையும் தனியான ஒரு டிஸ்க்கில் நகல் எடுப்பதாகும். வரிக்குப் பதிந்தவர்கள் கணக்குகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். கணினி கெட்டது என்ற சமாதானம் அங்கே உதவாது.

அடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற பத்தி 100 விழுக்காட்டை ஒட்டி நின்றால், கணினி உழைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நிறுத்தாமல் காத்திருங்கள். எல்லாம் ஓய்ந்திருந்தால், அனுமதி கேட்கும் சிறு பெட்டி ஏதேனும் பின்னால் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தாமதத்திற்குக் காரணங்கள் பெரும்பாலும் நான்கு.

ஒன்று, இடமின்மை. கிடங்கு நிறைந்திருந்தால் புதுச்சரக்கை எங்கே இறக்குவது? வேண்டாத கோப்புகளை நீக்குங்கள்.

இரண்டு, ரேம் குறைவு. ரேம் என்பது கடை மேசை போன்றது. மேசை சிறிதானால் ஒவ்வொன்றுக்கும் கிடங்குக்கு ஓடவேண்டும். திறந்துகிடக்கும் மற்ற வேலைகளை மூடிவிடுங்கள்.

மூன்று, மறைவில் நடக்கும் வேலைகள். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் சோதித்துக்கொண்டிருக்கலாம். புதுப்பிப்பு முடிந்தபின் கணினியை ஒருமுறை மூடித் திறந்து, பிறகு தொடங்குங்கள். தடுப்பை நீக்கிவிட வேண்டாம்.

நான்கு, ஹார்ட் டிஸ்க். அதற்குள் தட்டு சுழல, முனை இங்குமங்கும் நகர்ந்து எழுதுகிறது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை எழுத நேரமாகும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. பழைய கணினிக்கு இதைப் பொருத்தினால் பெரும் வேறுபாடு தெரியும். டிஸ்க்கில் டக் டக் என்ற ஓசை கேட்டால் அது சாகும் தறுவாயில் இருக்கக்கூடும். வேறெதுவும் செய்யாமல் உடனே நகல் எடுங்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2017க்கு முன் வெளிவந்த கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்கு ஏற்றவையல்ல. அத்தகைய கணினிக்குப் பணம் செலவிடுமுன், வாங்கப்போகும் மென்பொருள் அதில் ஓடுமா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

ஆகவே வியாபாரச் சகோதரர்களே, வேகம் பிறகு வரட்டும். கணக்கு முதலில் பத்திரமாகட்டும். இன்றிரவு கடையடைக்குமுன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறோம்.