2.3 விழுக்காடு: மருத்துவச் சாதன வரி பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு ஒபாமா ஆட்சியில் இயற்றப்பட்ட மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தங்களின் ஒரு பகுதியாக, மருத்துவச் சாதனங்களின் விற்பனை மீது 2.3 விழுக்காடு கலால் வரி விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகள் வசூலிக்கப்பட்டு, 2016 முதல் நிறுத்திவைக்கப்பட்டு, 2019 டிசம்பரில் அடியோடு நீக்கப்பட்ட இவ்வரி ஈட்டித் தந்தது ஆண்டுக்கு 200 கோடி டாலரை ஒட்டிய தொகையே. அந்நாட்டின் வரவு செலவுக் கணக்கில் அது ஓர் ஓரத்தில் அடங்கிவிடும் தொகை என்றாலும், அதை நீக்குவதா வேண்டாமா என்ற விவாதம் பத்தாண்டுக் காலம் ஓயவில்லை. அவ்விவாதத்தில் இரு தரப்பாரும் உறுதியாக நம்பியவற்றுள் பல, சட்டத்தின் வாசகத்தைப் படித்த அளவிலேயே நிலைகுலைந்துவிடுபவை.

மூக்குக்கண்ணாடிக்கும் காது கேட்கும் கருவிக்கும்கூட அரசு வரி போட்டுவிட்டது என்பது பரவலாக நம்பப்பட்ட செய்தி. ஆனால் இவ்விரண்டையும் கண்வில்லைகளையும் சட்டம் பெயர் சொல்லியே விலக்கியிருந்தது. பொதுமக்கள் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகக் கடைகளில் வழக்கமாக வாங்கும் பிற பொருள்களுக்கும் விலக்கு இருந்தது. பேஸ்மேக்கர், ஸ்டென்ட், செயற்கை மூட்டு, எம்.ஆர்.ஐ. கருவி போன்று மருத்துவமனைகள் வாங்குபவையே வரிக்கு உட்பட்டன. அதைக் கட்டும் கடமை நோயாளிக்கோ மருத்துவமனைக்கோ அன்றி, உற்பத்தியாளருக்கோ இறக்குமதியாளருக்கோ உரியதாக இருந்தது. வரியைக் கட்டுபவரும் அதன் சுமையை இறுதியில் தாங்குபவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை என்பதால், சுமையின் ஒரு பகுதி விலை வழியாக மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நகர்ந்திருக்கக்கூடும் என்பது வேறு செய்தி.

உள்நாட்டில் உற்பத்தி செய்பவர்களைத் தண்டித்து, தொழிற்சாலைகளை வெளிநாட்டுக்கு விரட்டும் வரி என்ற வாதமே நாடாளுமன்றத்தில் ஓங்கி ஒலித்தது. இறக்குமதியாகும் சாதனத்துக்கும் அதே 2.3 விழுக்காடு உண்டு, ஏற்றுமதியாகும் சாதனத்துக்கு வரியே இல்லை என்ற இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், தொழிற்சாலையை அயர்லாந்துக்கோ மெக்சிகோவுக்கோ மாற்றுவதால் இவ்வரியிலிருந்து ஒரு காசும் தப்பாது என்பது விளங்கும். 43,000 வேலைகள் பறிபோகும் என்று, தொழில்துறைச் சங்கத்தின் ஆதரவுடன் 2011இல் வெளியான ஆய்வு கூறியதோ, உற்பத்தியின் ஒரு பகுதி வெளிநாடு சென்றுவிடும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்ட அனுமானத்தின் மேல் எழுந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆராய்ச்சிப் பிரிவு பின்னர் கணக்கிட்டபோது, இழப்பு 47 முதல் 1,200 வேலைகளுக்குள் அடங்கும் என்றே கண்டது. விலை மாறும்போது வாங்கப்படும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொருளியலார் தேவையின் நெகிழ்ச்சி என்பர். இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்ள வேண்டிய நோயாளி இரண்டு விழுக்காடு விலையேற்றத்துக்காக அறுவை சிகிச்சையைக் கைவிடுவதில்லை என்பதால் இங்கே நெகிழ்ச்சி மிகக் குறைவு. விற்பனை குறையாதபோது வேலை குறையவும் காரணம் சிறிதே.

வரியை ஆதரித்தவர்களின் கூற்றுகளும் இதே அளவு சோதனைக்கு உரியவை. அவர்கள் பக்கத்துப் பிழைகள் குறைவாகவே பேசப்பட்டன. இலாபம் கொழிக்கும் துறைக்கு 2.3 விழுக்காடு ஒரு பொருட்டல்ல என்றனர். இது இலாபத்தின் மீதன்றி விற்பனைத் தொகையின் மீது விழும் வரி. நூறு டாலர் விற்பனையில் 25 டாலர் இலாபம் காணும் பெருநிறுவனத்துக்கு அது இலாபத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 5 டாலர் மட்டும் மிஞ்சும் நிறுவனத்துக்கோ ஏறத்தாழப் பாதி. இன்னும் நட்டத்திலேயே நடக்கும் புதிய நிறுவனமும் விற்ற அன்றே வரிக்குக் கடன்பட்டுவிடும். செலுத்திய வரியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை, இலாபம் ஈட்டியவருக்கு அன்றைய 35 விழுக்காட்டு வீதத்தில் உண்மைச் சுமையை ஒன்றரை விழுக்காடாகக் குறைத்தது; நட்டத்தில் இருந்தவருக்கு உடனடிப் பயன் எதுவும் தரவில்லை. புதிதாகக் காப்பீடு பெறும் கோடிக்கணக்கானோர் சாதன நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் ஆவர், அந்த ஆதாயத்துக்கு ஈடாகவே இவ்வரி என்ற நியாயமும் முழுமையாகப் பொருந்தவில்லை. விலையுயர்ந்த சாதனங்களை மிகுதியாகப் பயன்படுத்தும் முதியோர், 65 வயதைக் கடந்தோருக்கான மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டில் 1960களிலிருந்தே இருந்துவருகின்றனர்.

வசூலும் எதிர்பார்த்தபடி எளிதாக அமையவில்லை. 2013இன் முதல் ஆறு மாதங்களில் 120 கோடி டாலர் வரும் என்று வருவாய்த்துறை மதிப்பிட்டிருக்க, வந்தது 91.3 கோடி, குறைந்தது 9,000 வரிப் படிவங்களை எதிர்பார்த்த இடத்தில் 5,107 மட்டுமே வந்தன என்று அத்துறைக்கான தணிக்கை அலுவலகம் 2014இல் அறிவித்தது.

நீக்கம் குடியரசுக் கட்சியின் தனி விருப்பம் என்பதும் பிழை. 2013 மார்ச்சில் செனட் சபையில், கட்டுப்படுத்தாத தீர்மானமாக, இவ்வரியை நீக்கும் திருத்தம் 79க்கு 20 என்ற கணக்கில் நிறைவேறியது. சாதனத் தொழில் செறிந்த மாசசூசெட்ஸின் எலிசபெத் வாரனும் மினசோட்டாவின் ஏமி க்ளோபுஷரும் ஜனநாயகக் கட்சியினராக இருந்தும் நீக்கத்தை ஆதரித்தனர். இந்த வாக்கெடுப்பின் போக்கை விளக்கக் கட்சிக் கொள்கையைவிடத் தொழிற்சாலைகள் இருக்கும் ஊர்களின் பட்டியலே உதவும்.

இவ்வரி போனால் ஏழைகளின் காப்பீட்டு மானியமும் போய்விடும் என்ற அச்சமும் ஆதாரமற்றது. வசூலான தொகை அரசின் பொதுக் கருவூலத்தில் சேர்ந்ததேயன்றி மானியத்துக்கெனத் தனியே ஒதுக்கப்படவில்லை, மானியங்கள் 2019க்குப் பின்னும் தொடர்ந்தன. சிறு நிறுவனங்களை அளவுக்கு மீறி வருத்திய இவ்வரி, வரி என்ற முறையில் குறைபாடுடையதே. அதை நீக்கியதற்கு நியாயம் உண்டு. அடுத்த பத்தாண்டுகளில் இழக்கப்படவிருந்த ஏறத்தாழ 2,500 கோடி டாலருக்கு மாற்று வருவாய் எதையும் காட்டாமல் நீக்கியதற்கு அத்தகைய நியாயம் இல்லை.