மழைக் கணக்கு உன் கையில் இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீரகேரளம்புதூரில் உன் வீட்டில் ஒரு வானிலை நிலையம் வைக்க வேண்டும், கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன், எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். தென்காசிப் பக்கம் இதே ஆசையோடு இன்னும் சில இளைஞர்கள் இருப்பதால், எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

கம்பெனியைப் பார்க்கும் முன் ஊரைப் பார். ஆடியில் குற்றாலம் சாரலில் நனைந்து கிடக்கும்போது, அங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் உன் ஊரில் மேற்கேயிருந்து வரும் மேகாற்று புழுதியை வாரி இறைக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, ஈரத்தையெல்லாம் மலையடிவாரத்தில் இறக்கிவைத்துவிட்டு வெறும் வேகத்தோடு உங்கள் பக்கம் வருகிறது. சுரண்டை வட்டாரத்துக் காற்றாலைகள் அந்த வேகத்தில்தான் சுற்றுகின்றன. உன் ஊரில் ஒரு துளி விழாத நாளிலும் சிற்றாற்றில் புதுத்தண்ணீர் வரும். அடவிநயினார் அணையைத் தாண்டி வரும் அனுமன்நதியும் உன் ஊர்ப் பக்கம்தான் அதோடு சேர்கிறது. ஐப்பசி பிறந்ததும் காற்று திரும்பிவிடும். பிறகு உன் ஊருக்கு மழை கிழக்கிலிருந்து வரும்.

நாளிதழில் வரும் மாவட்ட மழைப் பட்டியலை எடுத்துப் பார். தென்காசி, செங்கோட்டை, ஆய்க்குடி, சிவகிரி, சங்கரன்கோவில், பிறகு கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று மலையடிவார ஊர்களும் அணைகளுமே அதில் மிகுதி. பத்து கிலோமீட்டரில் மழை மாறிவிடும் நாட்டில், செங்கோட்டையின் எண்ணை வைத்து உன் ஊர்க் குளத்துக்கு வந்த தண்ணீரைச் சொல்ல முடியாது.

நம் பெரியவர்கள் "ஓர் உழவு மழை", "ரெண்டு உழவு மழை" என்று அளந்தார்கள். மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதுதான் அவர்களுடைய மழைமானி. குறை சொல்ல முடியாத அளவை அது. ஆனால் சொன்னவரோடு அது போய்விட்டது. முப்பது வருஷத்துக்கு முன் கார்த்திகையில் எத்தனை உழவு மழை பெய்தது என்று இன்று யாரிடம் கேட்பாய்? எழுதிவைத்த எண் மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

அந்த எண்ணின் அருமையைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அங்கே ஒரு மழைமானி இருந்ததால்தான் அந்த அளவு உலகத்துக்குத் தெரிந்தது. மலைக்கு அப்பால் வயநாட்டில் ஹ்யூம் மையம் என்ற அமைப்பு, ஊர்க்காரர்களின் துணையோடு 200-க்கும் மேற்பட்ட மழைமானிகளில் நாள்தோறும் அளவெடுக்கிறது. 2024 ஜூலை 29 அன்று, புத்துமலையில் பெய்த மழையின் அளவைப் பார்த்து, நிலச்சரிவு வரக்கூடும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு அந்த மையம் தெரிவித்தது. மறுநாள் அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. எளிய புனல்களும் எழுதிவைக்கும் கைகளும் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நான் முதலில் வாங்கிய கருவி அழகானது. கைபேசியில் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டும். அளவுகள் எல்லாம் கம்பெனியின் சர்வரில் இருந்தன. என் வீட்டில் ஒன்றும் இல்லை. ஒருநாள் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். கருவி கம்பத்தில் நல்லபடியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் மூன்று வருஷத்துப் பதிவு போய்விட்டது. வேறு கருவி வாங்கிவிடலாம்; அந்த மூன்று வருஷ மழையை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே கடைக்காரரிடம் முதலில் துல்லியத்தைக் கேட்காதே. இந்த மூன்றைக் கேள்: இன்டர்நெட் இல்லாவிட்டாலும் என் அளவுகள் என் வீட்டுக் கணினிக்கு வருமா? நான் சொல்லும் சர்வருக்குக் கருவி நேரே அனுப்புமா? எல்லாப் பதிவையும் சாதாரண அட்டவணைக் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? மூன்றுக்கும் "முடியும்" என்று பதில் வராத கருவியை, எவ்வளவு மலிவானாலும் வாங்காதே.

எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். ஈக்கோவிட் கருவிகளில் நாம் குறிப்பிடும் முகவரிக்கு அளவுகளை அனுப்பும் வசதி இருக்கிறது. நடுத்தரப் பணத்துக்கு நல்ல தேர்வு. டேவிஸ் விலை கூடியது, நீடித்து உழைக்கும். அதோடு கணினி பேசும் முறையை அந்த நிறுவனமே ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. டெம்பஸ்ட் வீட்டு வைஃபையிலேயே அளவுகளை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும், யாரிடமும் அனுமதி கேட்காமல் அள்ளிக்கொள்ளலாம். ஆனால் அதில் மழையை ஏந்தும் புனல் கிடையாது, துளி மோதும் அதிர்வை வைத்து மழையைக் கணக்கிடுகிறது. மாவு சலித்தாற்போல் விழும் சாரலுக்கு நான் புனலையே நம்புவேன். நெட்டாட்மோவில் அளவு முதலில் கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் நம் கைக்கு வரும். அதனால் அதை உனக்குச் சொல்லமாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ரேடியோ அலைவரிசையைப் பார்த்து வாங்கு. நம் நாட்டில் இத்தகைய சிறு கருவிகளுக்கு உரிமமின்றிப் பயன்படுத்த விட்டிருக்கும் அலைவரிசைகளில் ஒன்று 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவுக்கென்று செய்யும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவி இங்கே ஆகாது.

அளவுகளைச் சேமிக்க வீவெக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. பைத்தானில் எழுதியது, காசு கிடையாது, மேலே சொன்ன கருவிகள் பலவற்றோடும் பேசும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் போட்டுவிட்டால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பதிந்துகொண்டே இருக்கும். கரண்டு போகும் ஊர். சின்ன பேட்டரி ஒன்றை உடன் வை. மாதம் ஒருமுறை கோப்பைப் படியெடுத்து வேறிடத்தில் வை.

கம்பத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த கருவிதான் கடையில் அதிகம் கிடைக்கும். உன் ஊருக்கு அது பொருந்தாது என்பது என் முடிவு. காற்றுமானி உயரத்தில், முறைப்படி பத்து மீட்டரில், இருக்க வேண்டும். மழைமானி தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் காற்று துளியைப் புனலுக்கு மேலாகவே அடித்துக்கொண்டு போய்விடும். மேகாற்று வீசும் ஊரில் இரண்டையும் ஒரே கம்பத்தில் வைத்தால் ஒன்று பொய் சொல்லும். உணரிகளைத் தனித்தனியே வைக்க முடிகிற கருவியாக வாங்கு. சுவரோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி மழைமானியை வை. வெப்பமானி நிழற்கூட்டுக்குள், காற்றோட்டமாக, ஆள் நெஞ்சளவு உயரத்தில் இருக்கட்டும். மொட்டைமாடித் தளத்தில் வைத்தால் நீ அளப்பது சிமெண்டின் சூட்டை.

இவ்வளவுக்கும் பிறகு, கையால் அளக்கும் சாதாரண மழைமானி ஒன்றையும் பக்கத்தில் நட்டுவை. தானியங்கிப் புனலுக்குள் சிறு தொட்டி ஒன்று நிரம்பிச் சாயும். கருவிக்குத் தக்கபடி ஒவ்வொரு சாய்வையும் 0.2 மில்லிமீட்டர் என்பதுபோல் எண்ணிக்கொள்ளும். கனமழையில் அது சாய்வதற்குள் தண்ணீர் தவறி, அளவு குறைந்துபோகும். சிலந்தி வலை கட்டினால் அசையவே அசையாது. சோதித்துப் பார்க்கக் கணக்கு எளிது: புனல் வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 20 மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் மழை. 200 மில்லிலிட்டரை மெதுவாக ஊற்று. பத்து மில்லிமீட்டர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எவ்வளவு தவறு என்று குறித்துவைத்துத் திருத்து.

வானிலைத் துறை மழைக் கணக்கை முடிப்பது காலை எட்டரை மணிக்கு. நீயும் அதே நேரத்தில் அள. அப்போதுதான் உன் எண்ணை ஆய்க்குடி எண்ணோடு ஒப்பிட முடியும். நாளொன்றுக்கு 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் கணக்கில் அது மழைநாள். 64.5-ஐத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை. மழை பெய்யாத நாளில் பூஜ்ஜியம் என்று எழுது. வெறுமனே விட்டால் அது அளக்காத நாள் ஆகிவிடும். வெளியூர் போய் அளக்காமல் விட்ட நாளை அப்படியே சொல், ஊகித்து நிரப்பாதே. கருவியை நகர்த்தினாலும் மாற்றினாலும் தேதியோடு எழுதிவை.

கடைசியாக, பகிர்தல். வெதர் அண்டர்கிரவுண்ட் தளம் உலகெங்கும் உள்ள வீட்டு நிலையங்கள் இலவசமாகக் கொடுத்த அளவுகளால் செழித்தது. அதே தளம், அந்த அளவுகளை மென்பொருள் வழியாக எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ள இருந்த வழியை 2018 இறுதியோடு மூட முடிவு செய்தது. பெரிய தளங்களுக்கு அளவு கொடுப்பது தவறில்லை. கொடுத்தது போக மூலப்பிரதி உன்னிடம் இருக்க வேண்டும். அதை எவரும் எடுத்தாளலாம் என்ற உரிமக் குறிப்போடு நீயே வெளியிடு. வீட்டின் துல்லியமான இருப்பிடத்தைப் போடாதே, தெரு தெரியாத அளவுக்குச் சொன்னால் போதும்.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனதை நீ மறந்திருக்கமாட்டாய். வீரகேரளம்புதூரில் நீ வைக்கும் ஒரு கருவி அந்த வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லாது. இலஞ்சியில் ஒன்று, மேக்கரையில் ஒன்று, பாவூர்சத்திரத்தில் ஒன்று, சுரண்டையில் ஒன்று என்று மலையிலிருந்து சமவெளிவரை தொடர்ந்து இருந்து, எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியுமானால், மேலே பெய்வதைக் கீழே இருப்பவர் நேரத்தோடு அறிய வழி பிறக்கும்.

இதைப் படிக்கும் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: நிலையம் வாங்கப் பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மழைமானி, ஒரு நோட்டு, காலை எட்டரை மணி. நாளையே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்