பற்கறையும் அழகுச் சிகிச்சையும்

ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில், பிள்ளைகளின் முன்பற்களில் காணும் வெண்திட்டுகளையும் பழுப்புக் கறைகளையும் பல் துலக்காமையால் வந்த அழுக்கென்று கடிந்து கொள்ளலாகாது. ஏறக்குறைய 8 வயதுக்குள், பல் உருவாகும் பருவத்தில், குடிநீரிலுள்ள ஃபுளோரைடு எனாமலையே பழுதாக்குகிறது. எந்தப் பற்பொடியும் அதனை நீக்காது. நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் எலும்புகளையும் முடக்குவது 1937-இல் விவரிக்கப்பட்டது.

வாய் பொத்திச் சிரிக்கும் பிள்ளையின் துயரம் அற்பமன்று. பெற்றோர் கடன்பட்டும் சிகிச்சை தேடுவர். பல்லை வெளுக்கச் செய்தல் இலேசான கறைக்கே ஏற்றது. சில நாள் கூச்சம் உண்டாகலாம். அமிலமும் தேய்பொருளும் கொண்டு மேற்பரப்பை மெல்லத் தேய்த்தல் பழுப்பைப் பெரிதும் குறைக்கும். பீங்கான் மென்தகடு ஆழ்ந்த கறையையும் மறைக்கும். ஆயின் அதற்காக எனாமலைச் செதுக்க நேரிடும். செதுக்கிய எனாமல் மீண்டும் வளராது. தகட்டையும் பல்லாண்டுகட்குப் பின் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே முதற்செலவோடு வாழ்நாட் செலவையும் கணக்கிடுதல் வேண்டும்.

சிகிச்சையால் கறை மறையுமேயன்றிக் கிணறு மாறாது. நீரைக் காய்ச்சுவதாலும் ஃபுளோரைடு குறையாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டிருப்பின், வேறு நல்ல நீருக்கு வழி காட்டுதலே ஆசிரியரும் ஊழியரும் முதலில் செய்யத்தக்கது. அது இளைய பிள்ளைகளின் பற்களைக் காக்கும்.