அஃபிடவிட் போடப் போகிறோமா? புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். முருகன்'. ஆதாரில் 'முருகன் சுப்பிரமணியன்'. வங்கிப் புத்தகத்தில் வெறும் 'முருகன்'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று தெருவுக்கே தெரியும், கவுன்டரில் இருப்பவருக்குத்தான் தெரியாது. "ஒரு அஃபிடவிட் போட்டுக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். இனிஷியலோடு வாழும் நமக்கு இது ஒருநாள் வரத்தான் செய்யும். வாருங்கள், சேர்ந்தே போட்டுவிடலாம்.

என்ன இது?

'இது உண்மை' என்று நாம் எழுதி, உறுதிமொழி வாங்க அதிகாரம் உள்ள ஒருவர் முன்னால் கையெழுத்துப் போடும் தாள். தமிழில் பிரமாணப் பத்திரம். பெரும்பாலும் நாம் போவது நோட்டரி வக்கீலிடம். 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது.

உண்மையிலேயே வேண்டுமா?

காசு செலவழிக்கும் முன் இதைக் கேட்டுவிடுவோம். பல இடங்களில் இப்போது வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழியே போதும். பாஸ்போர்ட் விண்ணப்ப இணைப்புகளுக்கு நோட்டரி கையெழுத்து தேவையில்லை என்று 2016 இறுதியிலேயே அறிவித்துவிட்டார்கள். கேட்கும் அலுவலகத்தில் மாதிரிப் படிவம் இருந்தால் அதையே வாங்கிக்கொள்வோம். பாதி வேலை முடிந்தது.

எப்படி எழுதுவது?

முதலில் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி. அடுத்து, நம் ஊர் டைப்பிங் கடைகளில் மனப்பாடமாகவே வந்துவிழும் அந்த ஆங்கில வரி: 'டு ஹியர்பை சாலம்லி அஃபர்ம் அண்ட் சின்சியர்லி ஸ்டேட் அஸ் ஃபாலோஸ்'. புரியாமல் இதன் கீழ் கையெழுத்துப் போடாதீர்கள். இதிலுள்ள இரண்டு வினைகள்தான் நம்மைக் கட்டிப்போடுகின்றன.

'அஃபர்ம்' என்பது கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதி கூறுவது. கடவுள் பெயரால் ஆணையிடுவது 'ஸ்வேர்'. எது வேண்டுமோ அதை நாமே தேர்ந்துகொள்ள 1969-ஆம் ஆண்டின் ஆணைமொழிகள் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டுக்கும் எடை ஒன்றுதான். 2021 மே மாதம் மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்றபோது 'உளமார' என்று சொன்னாரே, அது இந்த முதல் வகை.

'ஸ்டேட்' என்றால் எனக்கே நேரில் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று பொருள். அப்பா சொல்லித் தெரிந்த பிறந்த தேதிக்கு அதைப் போடக் கூடாது. அங்கே 'ஐ ஆம் இன்ஃபார்ம்ட் பை மை ஃபாதர்' என்று, சொன்னவர் யாரென்றும் சேர்த்து எழுத வேண்டும். ஊகித்து நம்புவது என்றால் 'ஐ பிலீவ்', கூடவே நம்பக் காரணம். நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதானால் இந்தப் பிரிவினை கட்டாயம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆம் கட்டளை, அவரவர் சொந்த அறிவில் உள்ளதையே சொல்லச் சொல்கிறது. இடைக்கால மனுக்களில் மட்டும், காரணம் காட்டினால், நம்பிக்கையையும் ஏற்கலாம் என்கிறது.

'அலெஜ்' என்ற சொல்லை நம் பக்கத்துக்கு ஒருபோதும் போட வேண்டாம். அது இன்னும் நிரூபணமாகாததற்குப் போடும் சொல், எதிராளியின் பேச்சுக்குத்தான் பொருந்தும். 'அவெர்', 'அசெவரேட்' என்று சிலர் கனமாக அடித்துத் தருவார்கள். கம்பீரம்தான், ஆனால் 'ஸ்டேட்' செய்யாத எந்த வேலையையும் அவை செய்வதில்லை.

ஒரு பத்திக்கு ஒரு விஷயம், ஒவ்வொன்றுக்கும் எண். நம் முருகனுக்கு மூன்று பத்திகள் போதும்: சான்றிதழில் என் பெயர் இப்படி, ஆதாரிலும் வங்கியிலும் இப்படி, எல்லாம் நான் ஒருவனே.

வேண்டுமானால் முழுவதையும் தமிழிலேயே எழுதலாம். வாங்கும் அலுவலகம் ஏற்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்வோம். ஆங்கிலத்தில் போட்டு, கையெழுத்திடுபவருக்கு அது தெரியாதென்றால், தமிழில் படித்துக்காட்டி விளக்கப்பட்டது என்ற வரி அடியில் இருக்க வேண்டும்.

நோட்டரி முன்னால்

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். அவர் கண் முன்னால்தான் போட வேண்டும். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து, அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம். அவர் தன் பதிவேட்டில் எழுதி, அந்த வரிசை எண்ணைத் தாளில் குறித்து, முத்திரை வைப்பார். அந்த முத்திரையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம்: 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், உள்ளே அவர் பெயர், பணி எல்லை, பதிவு எண்.

அவர் செய்வது 'அட்டெஸ்ட்'. இந்த ஆள் என் முன் உறுதி கூறிக் கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டுமே அவர் பொறுப்பு. உள்ளே எழுதியிருப்பது மெய்யா என்பது முழுக்க நம் தலையில். முத்திரை விழுந்ததுமே எல்லாம் உண்மையாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

எவ்வளவு ஆகும்?

முத்திரைத்தாள்தான் பெரிய செலவு. தமிழ்நாட்டில் முன்பு 20 ரூபாய், 2024 முதல் 200 ரூபாய். பழைய நினைவில் 20 ரூபாய்த் தாளோடு போய்த் திரும்பாதீர்கள். தாளை நம் பெயரிலேயே வாங்குவோம். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவோ, ஓய்வூதியம் பெறவோ மட்டும் போடும் அஃபிடவிட்டுக்கு முத்திரைத் தீர்வை விலக்கு உண்டு. யாரும் அதை நமக்குச் சொல்ல மாட்டார்கள், நாமே கேட்க வேண்டும். நோட்டரி கட்டணத்தை 1956-ஆம் ஆண்டின் விதிகள் நிர்ணயிக்கின்றன. அந்தப் பட்டியலை அறைக்கு உள்ளேயும் வெளியேயும் மாட்டி வைத்திருக்க வேண்டும். கேட்ட தொகை கூடுதலாகப் பட்டால் பலகையைப் பார்த்துப் பேசலாம். டைப்பிங் கூலி கடைக்குக் கடை மாறும்.

உஷார்

பொய் எழுதினால் அது பொய்ச் சாட்சியமாகலாம். பாரதிய நியாய சன்ஹிதா 229-ஆம் பிரிவில் நீதிமன்ற நடவடிக்கை என்றால் 7 ஆண்டு வரை சிறை, மற்ற சந்தர்ப்பங்களில் 3 ஆண்டு வரை. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. அஃபிடவிட், இருக்கும் பெயர்கள் ஒருவருடையவை என்றுதான் சொல்லும், பெயரை மாற்றித் தராது. முருகன் 'கதிரவன்' ஆக வேண்டுமானால் அரசிதழில் வெளியிட வேண்டும், அதற்கு வழி வேறு. இப்போதைக்கு, அசலைக் கொடுக்கும் முன் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வோம். கவுன்டரில் வாங்கிய அசல் திரும்பி வருவது அபூர்வம்.