மேய்ச்சல் தரையில் மறைந்து கிடக்கும் இரும்பும் அதனை அகற்றும் முறையும்

மேய்ச்சல் தரையில் கிடக்கும் ஆணி, முள்கம்பித் துண்டு, கழன்று விழுந்த லாடம், பழந்தகரம் ஆகியவற்றால் கால்நடைகளுக்கு விளையும் தீங்கு பெரிது. குதிரைக் குளம்பின் அடியில் நடுப்பாகம் மிருதுவானது. அதில் ஆணி ஏறினால் உள்மூட்டு வரை சீழ் பிடித்து, பிராணி ஆயுள் முழுவதும் நொண்டியாகிவிடக்கூடும். அன்றியும், ரண ஜன்னி என்னும் டெட்டனஸ் நோய்க்கு மற்றக் கால்நடைகளைக் காட்டிலும் குதிரை எளிதில் இலக்காகும். பசுவும் எருமையும் தீனியை நன்கு மெல்லாது விழுங்குவதால், கம்பித்துண்டு இரைப்பையின் இரண்டாம் அறையில் தங்கி, அதைத் துளைத்து, அடுத்துள்ள இருதயத்தையும் தாக்கிக் கொல்வதுண்டு.

கண்ணால் பார்த்துப் பொறுக்குவது மட்டும் போதாது. புல்லும் மண்ணும் மூடியவை தப்பிவிடும். இதற்கு மெட்டல் டிடெக்டர் என வழங்கும் உலோகங்காட்டி ஏற்றது. மேல்மண்ணில் சில அங்குல ஆழத்துக்குள் கிடப்பதே குளம்புக்கு அபாயமாதலால், குறைந்த விலையுள்ள கருவியே போதும். பலர் கூடி ஒன்றை வாங்கி முறைவைத்து உபயோகிக்கலாம்.

கருவியின் இயல்பு

இதன் அடியிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் மாறி மாறி ஓடுவதால் காந்தசக்தி மண்ணுள் பரவுகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும். கருவி அதை உணர்ந்து ஒலிக்கும். 1881ஆம் வருஷம் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இவ்வகைக் கருவியைக் கொண்டு முயன்றும் குண்டு அகப்படவில்லை. படுக்கையிலிருந்த உலோகச் சுருள்கள் இடையூறாயின. ஆதலின் தேடுபவர் மண்வெட்டியைத் தள்ளி வைத்து, இரும்பில்லாத காலணி அணிவது நலம்.

செய்யவேண்டுவன

1. விற்பனைக்கு வரும் கருவிகள் பல, நாணயம் தேடுவோருக்காக இரும்பை ஒதுக்கும்படி அமைக்கப்பட்டவை. நமக்கு வேண்டுவதோ இரும்பு. ஆகவே எல்லா உலோகங்களுக்கும் ஒலிக்குமாறு முதலில் திருப்பிக்கொள்க.

2. ஓர் ஆணியை நான்கு அங்குல ஆழத்தில் புதைத்து, அதன் ஒலியைக் கேட்டுப் பழகுக.

3. புல் மேய்ந்து குட்டையான பின், மண் சற்று ஈரமாயிருக்கையில் தேடுக. கயிறு கட்டி நான்கடி அகலப் பாத்திகளாகப் பிரித்து, சுருளைத் தரைக்கு ஓரங்குல உயரத்தில் மெல்ல வீசி, ஒவ்வொரு வீச்சும் முந்தியதன்மேல் பாதி படியுமாறு செல்க. பின் குறுக்காகவும் ஒருமுறை தேடுக.

4. வாயிற்படல், தீனித்தொட்டி, லாடம் கட்டும் இடம், பழைய கொட்டகை, டயர் எரித்த இடம் ஆகியவற்றை முதலில் பார்க்க. கம்பிவேலியோரம் கருவி ஓயாது ஒலிக்குமாதலால், அங்கே காந்தத்தை இழுத்துத் தேடுக.

5. பொருளை எடுத்தபின் குழியில் மறுபடி தேடி, மண்ணிட்டு இறுக மிதித்து மூடுக. திறந்த குழியும் குதிரையின் காலை முறிக்கும்.

இரும்புச் சத்து மிகுந்த மண்ணில் வீண் ஒலி எழலாம். கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் இக்கருவி காட்டாது. அவற்றைக் கண்ணால் பார்த்தே பொறுக்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க

1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுள் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவித்தல் வேண்டும். வெடிகுண்டு போல் தோன்றுவதைத் தொடாமல் போலீசாருக்கு அறிவிக்க.

குளம்பில் ஆணி ஏறியிருக்கக் கண்டால், கூடியவரை பிடுங்காமல், மேலும் அழுந்தாதபடி காலைத் தாங்கி வைத்து, உடனே கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும். எவ்வளவு ஆழம், எத்திசை என்பதை அவர் அறிய அது உதவும். டெட்டனஸ் தடுப்பூசியை முன்னதாகவே போட்டுவைத்தல் அவசியம். வேலி பழுதுபார்த்த அன்றே நறுக்கிய கம்பிகளை எண்ணி எடுத்துவிட்டால், தேடும் வேலையே பெரிதும் குறையும்.