எதிர்காலச் சீதோஷ்ண நிலைக் கணிப்பும் நமது சங்கமும்

காவிரிக் கடைமடையிலுள்ள ஒரு சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். விதை நெல்லும் நெசவாளர்க்கு வழங்கும் நூலும் இருப்பு வைப்பதற்குப் புதிய கிடங்கு கட்டுவது பற்றி விவாதம் நடந்தது. பழைய வெள்ளக் குறிக்கு ஓர் அடி மேலே தரை அமைத்தால் போதும் என்பது நிர்வாகக் குழுவின் கருத்து. 2050ஆம் ஆண்டையும் எண்ணிப் பார்த்தல் நலம் என்று நான் கூறவே, முதியவர் ஒருவர் எழுந்து, "நாளை மறுநாள் மழையையே சரியாகச் சொல்லக் காணோம், அத்தனை ஆண்டு கழித்து வருவதை யார் ஐயா கண்டார்?" என்று வினவினார்.

நியாயமான கேள்விதான். இன்ன நாளில் இன்ன இடத்தில் மழை என்று கூறுவது வானிலை முன்னறிவிப்பு. பல்லாண்டுகளின் பொதுப் போக்கைக் கூறுவது சீதோஷ்ண நிலைக் கணிப்பு. எந்த அங்கத்தினர் இவ்வாண்டு தவணை தவறுவார் என்று எந்தக் காரியதரிசியாலும் கூற இயலாது. ஆயினும் இருபது ஆண்டுப் பேரேடுகளைப் புரட்டினால், நூற்றுக்கு எத்தனை கடன் நிலுவையில் நிற்கும் என்று ஏறக்குறையச் சொல்லலாம். விளைச்சலோ வட்டியோ மாறிவிட்டால் பழைய பேரேடு மட்டும் போதாது. மாறுதலின் காரணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றில் கரியமில வாயு முன்பு பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு இருந்தது. இன்று 420க்கும் மேல். பழைய வெள்ளக் குறி, பழைய பேரேட்டின் குறியே.

விஞ்ஞானிகள் உலகைக் கட்டங்களாகப் பிரித்து, காற்று, கடல், நிலம் ஆகியவற்றின் இயக்க விதிகளைக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கின்றனர். புகை குறைந்தால் ஒரு கணக்கு, பெருகினால் வேறொரு கணக்கு. அரசுகளுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்நூற்றாண்டின் இறுதியில் உலக உஷ்ணம், 1850–1900 காலத்தைக் காட்டிலும், மிகக் குறைந்த புகையில் சுமார் 1.4 பாகையும், நடுத்தரத்தில் 2.7 பாகையும், மிகுந்த புகையில் 4.4 பாகையும் உயர்ந்திருக்கும். கடல் மட்டம் 2100இல், குறைந்த கணக்கில் 28 முதல் 55 செண்டிமீட்டரும், மிகுந்த கணக்கில் 63 முதல் 101 செண்டிமீட்டரும் ஏறியிருக்கும்.

இவ்வெண்களை ஜாதகம்போல் வாசித்தல் தவறு. கணிப்புகள் யாவும் எதில் ஒத்துப்போகின்றன என்று முதலில் காண வேண்டும். உஷ்ணம் ஒரு பாகை ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். ஆகவே கொட்டும் மழை இன்னும் கடுமையாகக் கொட்டும். இதில் ஒற்றுமை உண்டு. ஒரு வட்டத்தில் ஓராண்டில் எத்தனை அங்குலம் பெய்யும் என்பதில் ஒற்றுமை இல்லை. ஒரு கட்டமே சுமார் 100 கிலோமீட்டர் அகலம் என்றால் நம் கிராமத்தை அதில் எங்கே தேடுவது? 2015இல் வடகிழக்குப் பருவமழை வெள்ளமாக வந்ததையும், 2016இல் அதுவே பொய்த்ததையும் நாம் கண்டோம். இரண்டுக்கும் ஆயத்தமாயிருத்தலே முறை.

உயிரினங்களின் கதியையும் இவ்வாறே ஆராயலாம். கடல் ஏற ஏற உப்புநீர் வடிகால் வழியாகவும் நிலத்தடியாகவும் உட்புகும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு உள்நோக்கி நகர முயலும். அங்கே கரையோ குட்டையோ குறுக்கே நின்றால் காடு சுருங்கும், அதனை நம்பியுள்ள மீன்குஞ்சும் இறாலும் குறையும். பூக்கும் வேளையில் 35 பாகைக்கு மேல் வெப்பம் சென்றால் நெற்கதிர் பதராகும். இரவு வெப்பமும் தீங்கே: பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கோடைப் பருவத்தில் இரவு உஷ்ணம் ஒரு பாகை ஏறுந்தோறும் மகசூல் 10 சதவீதம் குறைந்ததாகக் கண்டனர்.

முதியவர் முழுதும் ஒப்பவில்லை. எனினும் தரையை மூன்றடி உயர்த்தவும், வெள்ளத்தைச் சில நாள் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 விதையை ஒரு பங்கு இருப்பு வைக்கவும், சங்க வாசலில் மழைமானி ஒன்று நிறுவவும் தீர்மானம் நிறைவேறியது. செலவு கூடியதில் சிலருக்கு மனக்குறைதான். குழித்தறிக் குழியில் நீர் ஊறும் வீடுகள் எத்தனை என்று நெசவாளர் பிரதிநிதி கேட்டார். எவரிடமும் விடை இல்லை. அக்கணக்கெடுப்பு ஐப்பசிக்கு முன் முடிய வேண்டும்.